சுருக்கப்பட்ட இரைப்பையும் சஹன் சோறும்: ஒரு வரலாற்றுப் பார்வை

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில், குர்துபாவை ஆண்ட உமய்யா கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மானின் அவைக்கு ஒரு வியப்புக்குரிய விருந்தினர் வந்து சேர்ந்தார். அவர் வட ஸ்பெயினில் லியோன் நாட்டின் கிறிஸ்தவ மன்னரான முதலாம் சாஞ்சோ. உடல் பருமனால் குதிரை மீது ஏறவும் இயலாதவர் என்று இகழ்ந்து, கி.பி. 958இல் அந்நாட்டுப் பிரபுக்கள் அவரை அரியணையிலிருந்து இறக்கிவிட்டிருந்தனர். 'பருத்தவர்' என்னும் அடைமொழியோடுதான் ஸ்பானிய வரலாறு இன்றளவும் அவரைக் குறிப்பிடுகிறது. அவருடைய பாட்டி தோதா, நவாரா நாட்டின் அரசி. கலீஃபாவுக்கு அத்தை முறையும் ஆவார். அந்த உறவைப் பற்றிக்கொண்டு பேரனை அவர் குர்துபாவுக்கு அழைத்து வந்தார். கலீஃபாவின் அவையில் பெரும் மதிப்புப் பெற்றிருந்த யூத மருத்துவர் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத், சாஞ்சோவுக்குச் சிகிச்சை அளித்தார். மன்னர் மெலிந்தார். கலீஃபாவின் படைத்துணையோடு தம் அரியணையையும் மீட்டுக்கொண்டார்.

சாஞ்சோவின் உதடுகளைத் தைத்து, சிறு குழாய் வழியே நீராகாரம் மட்டும் நாற்பது நாள் புகட்டினார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சையின் வரலாற்றை எழுதும் மருத்துவர்கள் சிலர் இக்கதையையே தங்கள் துறையின் முதற்பக்கமாக வைக்கின்றனர். அதை நாம் வரலாறாக ஏற்கவில்லை. மூலிகையும் கடும் உணவுக்கட்டுப்பாடும் பலன் தந்தன என்பதே நம்பத்தக்கது. குர்துபாவின் மருத்துவச் சிறப்பைச் சொல்லிப் பெருமிதத்தோடு முடித்துக்கொள்வது நம்மவர் கட்டுரைகளின் வழக்கம். நமக்கோ அங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. அரியணைக்குத் திரும்பிய பிறகு சாஞ்சோ என்ன உண்டார்? விருந்து மேசையில் அவர் முன் வைக்கப்பட்ட இறைச்சியை அவரால் விழுங்க முடிந்ததா? மன்னரின் எடையையும் குதிரையையும் பற்றிப் பேசியவர்கள், அவருடைய தட்டைப் பற்றிப் பேசவில்லை.

சிகிச்சை முடிந்த மனிதரிடம் "இப்போது உங்களால் எதை உண்ண முடிகிறது?" என்று முறையாகக் கேட்பதற்கு மருத்துவ உலகுக்கு மிக நீண்ட காலம் பிடித்தது. அந்தக் கேள்வியின் வரலாற்றைத்தான் இங்கு எழுத விழைகிறோம். நாம் மருத்துவர் அல்லர். மார்க்கக் கல்வி கற்பிப்பவர். ஆயினும் இதை எழுத ஒரு காரணம் உண்டு. வளைகுடா நாடுகளில் இந்த அறுவை சிகிச்சை மிகப் பரவலாகிவிட்டது. அங்கு வாழும் நம் குடும்பங்களிலும், இங்கு நம் ஊர்களிலும் இதைச் செய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். வலீமா விருந்தில் நான்கு கவளத்தோடு கையை எடுத்துக்கொள்பவரை நோக்கி "காசு கொடுத்துப் பட்டினியை வாங்கியவர்" என்று சிரிப்பதையும், "எங்கள் வீட்டுச் சோறு இறங்கவில்லையோ?" என்று மனம் நோகக் கேட்பதையும் நாம் பார்த்துவருகிறோம். அவர்களுடைய வயிற்றுக்குள் நிகழ்ந்தது என்ன என்பதை அறிந்தால் அந்தப் பேச்சு எழாது.

இரைப்பை மீது கத்தி வைக்கும் துணிவு பருமனுக்காகப் பிறந்ததன்று, புற்றுநோய்க்காகப் பிறந்தது. 1881 ஜனவரி 29 அன்று வியன்னா நகரில் தியோடர் பில்ரோத் என்னும் அறுவை மருத்துவர், இரைப்பையின் கீழ்வாயிலில் புற்று வளர்ந்து உணவு இறங்காமல் தவித்த 43 வயதுப் பெண்ணுக்கு, அப்பகுதியை வெட்டியெடுத்து மீதியைச் சிறுகுடலோடு இணைத்தார். இவ்வகைச் சிகிச்சையில் நோயாளி பிழைத்தது அதுவே முதன்முறை. அதன்பின் அவருக்குக் கொடுத்த உணவு நம் கவனத்துக்குரியது. முதல் நாள் வாய்வழியே பனிக்கட்டி மட்டும். அடுத்து, முதலில் மணிக்கு ஒரு மேசைக்கரண்டியும் பின்னர் அரைமணிக்கு ஒரு மேசைக்கரண்டியும் புளித்த பால். இன்று பருமன் அறுவை முடிந்தவருக்கு மிடறு மிடறாக நீரும் மோரும் கொடுப்பதைப் பார்ப்பவர், அந்த மேசைக்கரண்டியின் வழித்தோன்றலையே பார்க்கிறார். அப்பெண்மணி ஏறத்தாழ நான்கு மாதங்கள் வாழ்ந்து, புற்று மீண்டும் பரவியதால் இறந்தார். 1897இல் சூரிச் நகரில் கார்ல் ஷ்லாட்டர் ஒரு பெண்ணின் இரைப்பை முழுவதையும் அகற்றினார். அவர் ஓராண்டுக்கும் மேலாக உண்டு, நடமாடி வாழ்ந்தார். இரைப்பையின்றியும் மனிதர் வாழ முடியும் என்பதை உலகம் அறிந்துகொண்டது. இதே காலத்தில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் சேசர் ரூ என்பவர், சிறுகுடலை ஆங்கில 'ஒய்' எழுத்தின் வடிவில் இணைக்கும் முறையை வகுத்தார். இன்றைய 'பைபாஸ்' சிகிச்சை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டியெடுப்பது பெருவழக்காயிற்று. புண் ஆறிய நோயாளிகளிடம் ஒரு புதிய தொல்லை தோன்றியது. உண்டு முடித்த சற்று நேரத்தில் நெஞ்சு படபடத்தது, வியர்த்துக் கொட்டியது, தலை சுற்றியது, வயிற்றை முறுக்கிக்கொண்டு பேதியானது. 1913இல் ஆர்தர் ஹெர்ட்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் இதை விவரித்தார். 1922இல் சார்லஸ் மிக்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 'டம்பிங்' என்று பெயரிட்டார். மூட்டையைக் கவிழ்த்துக் கொட்டுவதுபோல் என்று பொருள். பெயர் மிகப் பொருத்தம்.

இறைவன் படைத்த இரைப்பையின் கீழ்வாயிலில் ஒரு தசைக்கதவு உண்டு. அரைத்துக் கூழான உணவை அது சிறிது சிறிதாகவே சிறுகுடலுக்கு விடும். அந்தக் கதவை அகற்றினாலும் சுற்றிக் கடந்தாலும், இனிப்பான உணவு மொத்தமாகச் சிறுகுடலில் கொட்டுகிறது. சர்க்கரையின் செறிவைக் குறைக்க உடலின் நீர் குடலுக்குள் பாய்கிறது, இரத்த ஓட்டத்தில் நீர் குறைகிறது, படபடப்பு தொடங்குகிறது. பெரும்பாலும் உண்ட 10 முதல் 30 நிமிடத்துக்குள் இது நிகழும். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வேறுவகையில் வரும்: திடீரென ஏறிய சர்க்கரைக்கு எதிராக இன்சுலின் அளவுக்கு மிஞ்சிச் சுரந்து, இரத்தச் சர்க்கரை தாழ்ந்து, கை நடுங்கி மயக்கம் வரும். இஃப்தார் நேரத்தில் மூன்று பேரீச்சம்பழமும் ஒரு குவளை ரோஸ்மில்க்கும் அருந்திவிட்டு மஃரிப் தொழுகையில் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டவரைக் கண்டால், அவர் நோன்பால் களைத்தார் என்று நாம் எண்ணுவோம். அவர் இந்த அறுவை செய்துகொண்டவராக இருப்பின், களைக்கச் செய்தது அந்தக் குவளையாக இருக்கலாம்.

இனி பருமனுக்கான அறுவைக்கு வருவோம். 1950களில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ரிச்சர்டு வார்கோ, ஆர்னால்ட் கிரெமென், ஜான் லின்னர் ஆகிய மருத்துவர்கள் இரைப்பையைத் தொடாமல் குடலைச் சுருக்கினர். மனிதரின் சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளம். 1960களின் இறுதியில் பரவலான முறையில், முதற்பகுதியில் 14 அங்குலமும் கடைப்பகுதியில் 4 அங்குலமும் மட்டுமே உணவு கடக்கும் வழியாக விடப்பட்டன. அதாவது அரை மீட்டருக்கும் குறைவு. இம்முறையின் கவர்ச்சி என்னவென்றால், எதையும் உண்ணலாம், எவ்வளவும் உண்ணலாம்; உடலில் ஒட்டாது. நாவுக்கு எந்தத் தடையும் இல்லை. விலையை மற்ற உறுப்புகள் செலுத்தின. ஓயாத பேதி, சிறுநீரகக் கற்கள், மூட்டுவலி, சிலருக்குக் கல்லீரல் செயலிழந்து மரணம். தராசு மட்டும் வெற்றி என்றே காட்டிக்கொண்டிருந்தது. 1980 வாக்கில் இம்முறை கைவிடப்பட்டது. செய்துகொண்டவர்கள் பலருக்கு மறு அறுவையின் மூலம் குடலைப் பழையபடி இணைக்க வேண்டியதாயிற்று.

அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்டு மேசன் வேறொரு வழியில் சிந்தித்தார். புண்ணுக்காக இரைப்பையில் பெரும்பகுதியை இழந்த பெண்கள் எடை கூடாமலே இருந்துவிடுவதை அவர் கவனித்தார். ஒரு நோயாளிக் கூட்டத்தின் தொல்லையே மற்றொரு கூட்டத்துக்கு மருந்தாகலாம் அல்லவா? 1966இல் இரைப்பையின் மேற்பகுதியைப் பிரித்துச் சிறுகுடலோடு நேரே இணைக்கும் 'பைபாஸ்' முறையை அவரும் சிகாசி இட்டோவும் தொடங்கினர். பின்னர் வந்தவர்கள் ரூவின் 'ஒய்' இணைப்பை அதில் புகுத்தினர். இம்முறையில் இனிப்பு உண்டால் முன்சொன்ன கொட்டல் தொல்லை வரலாம். நோயாளியை இனிப்பிலிருந்து காக்கும் வேலி என்று சில மருத்துவர்கள் அதைப் புகழ்ந்ததும் உண்டு. எல்லோருக்கும் அது வருவதில்லை. வருபவருக்கு அது வேதனை. அதைத் தண்டனைபோல் பேசுவதை நாம் விரும்பவில்லை.

1970களில் வேறொன்றும் நடந்தது. குர்துபாக் கதையில் வரும் தைக்கப்பட்ட உதடுகள் மெய்யாகவே மீண்டு வந்தன. பல் மருத்துவர்களின் உதவியோடு மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் கம்பியால் பிணைத்து, பாலும் நீராகாரமும் மட்டும் உறிஞ்ச வைக்கும் முறை பிரிட்டனில் கையாளப்பட்டது. கம்பி இருந்தவரை எடை குறைந்தது. கழற்றியபின் பெரும்பாலோருக்கு அது திரும்பி வந்தது. வாயைப் பூட்டினால் பசி அடங்கிவிடும் என்ற கணக்கு எக்காலத்திலும் பொய்த்தே வந்திருக்கிறது.

நமது கேள்விக்கு மிக நெருக்கமான பாடம் 1980களில் கிடைத்தது. மேசன் தம் பழைய முறையை எளிமையாக்கி, இரைப்பையின் மேற்பகுதியில் சிறிய பை ஒன்றை அமைத்து, அதன் வாயில் விரியாதபடி சுமார் 5 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள செயற்கை வலைப்பட்டையைக் கட்டினார். குடல் தொடப்படவில்லை, சத்துக்குறைவு அஞ்ச வேண்டியதில்லை, அறுவையும் எளிது. உலகெங்கும் பல்லாயிரம் பேருக்கு இது செய்யப்பட்டது. சில ஆண்டுகளில் வியப்பான செய்திகள் வரலாயின. எடை குறைந்தவர்கள் மீண்டும் பருத்தார்கள். அவர்கள் கட்டுப்பாட்டை மீறிப் பிரியாணியை வாரி உண்டார்களோ என்றால் இல்லை. இறைச்சியின் நார் அந்தக் குறுகிய வாயிலில் சிக்கிக்கொண்டது. ரொட்டி உருண்டையாகி அடைத்தது. காய்களும் கீரைத்தண்டும் இறங்கவில்லை. உண்டவுடன் நெஞ்சு அடைத்து, ஓங்கரித்து வெளியே வந்தது. ஐஸ்கிரீம் தடையின்றி இறங்கியது. மில்க்‌ஷேக் இறங்கியது. சாக்லேட் உருகி இறங்கியது. சில மாதங்களில் நாவும் மனமும் இறங்குவதையே நாடின. மருத்துவர் 'சத்தானதை உண்ணுங்கள்' என்றார். அவர் கட்டிய பட்டையோ சத்தானதைத் திருப்பி அனுப்பி, சர்க்கரைக்கு மட்டும் வழிவிட்டது.

1987இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஹார்வி சுகர்மன் குழுவினர் இம்முறையையும் பைபாஸையும் ஒப்பிட்டனர். இனிப்பை மிகுதியாக உண்ணும் வழக்கமுடையவர்களிடம் பட்டை முறை பெரிதும் தோற்றிருந்தது. நோயாளியின் உணவுப் பழக்கம் என்பது அறுவைக்கூடத்துக்கு வெளியிலுள்ள செய்தி என்று எண்ணியிருந்த காலம் அதோடு அசைந்தது. இங்கு நாம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மீண்டும் பருத்த அந்நோயாளிகளை 'நாவை அடக்கத் தெரியாதவர்கள்' என்று அவர்களுடைய வீட்டார் ஏசியிருப்பார்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை. இன்று நம் வீடுகளிலும் அதே சொல் கேட்கிறது. இறைச்சித் துண்டு நெஞ்சில் நிற்க, பாயசம் மட்டும் இறங்கும் ஒருவரின் நிலையை நஃப்ஸின் பலவீனம் என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுவது நியாயமாகாது.

பின்னர் காற்றுத்தலையணைபோல் இறுக்கவும் தளர்த்தவும் கூடிய பட்டை வந்தது. 1993இல் பெல்ஜியத்தின் மிட்டிகு பெலச்சூ அதைச் சிறு துளைகள் வழியே பொருத்திக் காட்டினார். 2001இல் அமெரிக்க அரசின் மருந்துத்துறை அனுமதி வழங்கியது. சில காலம் கொடிகட்டிப் பறந்து, உணவு இறங்காமை, வாந்தி, பட்டை நழுவுதல் ஆகியவற்றால் மங்கிவிட்டது. இன்று உலகில் மிகுதியாகச் செய்யப்படுவது 'ஸ்லீவ்'. இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டியெடுத்து, மீதியை வாழைப்பழம்போல் ஒடுங்கிய குழாயாக விடுவது அம்முறை. பெரிய அறுவையைத் தாங்க முடியாத மிகப் பருத்த நோயாளிகளுக்கு முதற்படியாக மட்டும் இது 2000ஆம் ஆண்டையொட்டி நியூயார்க்கில் மிஷேல் கான்யே முதலியோரால் செய்யப்பட்டது. பலருக்கு இரண்டாம் படியே தேவைப்படவில்லை. அதற்கு ஒரு காரணம் சற்று முன்புதான் வெளிப்பட்டிருந்தது. 1999இல் ஜப்பானின் கோஜிமா, கங்காவா குழுவினர் 'கிரெலின்' என்னும் பசி நீரைக் கண்டறிந்தனர். அது பெரும்பாலும் இரைப்பையின் மேல்வளைவில் சுரக்கிறது. ஸ்லீவ் அறுவையில் வெட்டியெடுக்கப்படுவதும் அந்த வளைவுதான். ஆகவே நான்கு கவளத்தில் எழுந்துவிடுபவர் பசியை அடக்கிக்கொண்டு எழவில்லை. அவருக்கு அந்நேரம் பசியே இல்லாமல் இருக்கலாம்.

இவ்வளவும் நிகழ்ந்த பின்னரே அந்தக் கேள்வி தாளில் ஏறியது. 2007இல், ரூ வாழ்ந்த அதே சுவிட்சர்லாந்தில், மிஷேல் சூட்டர் என்னும் அறுவை மருத்துவரும் அவர் தோழர்களும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும் வினாத்தாள் ஒன்றை வெளியிட்டனர். உண்பதில் உங்களுக்குள்ள மனநிறைவு எப்படி? சிவப்பு இறைச்சி, கோழி போன்ற வெள்ளை இறைச்சி, பச்சைக்காய்க் கலவை, சமைத்த காய், ரொட்டி, சோறு, பாஸ்தா, மீன் – இந்த எட்டில் எது எளிதாக இறங்குகிறது, எது சிரமத்தோடு இறங்குகிறது, எது இறங்கவே இல்லை? வாந்தி எத்தனை முறை? மொத்தம் 27 மதிப்பெண். இதில் எடையைப் பற்றிய கேள்வி இல்லை! அவர்கள் கண்டதும் குறிப்பிடத்தக்கது. பைபாஸ் செய்தவர்களுக்குத் தொடக்கத்தில் உணவு இறங்குவது கடினமாக இருந்து, ஓராண்டுக்குள் பெரிதும் சீரடைந்தது. பட்டை பொருத்தியவர்களுக்குக் காலம் செல்லச்செல்ல மோசமாயிற்று. ஒரே எடைக்குறைவு, இரு வேறு வாழ்க்கைகள். அந்த எட்டில் சோறு ஒன்று என்பதைக் கண்டபோது நமக்கு ஒரு நெருக்கம் தோன்றியது. நன்கு குழையாத சோறு கட்டியாகி அடைப்பதையும், மாட்டிறைச்சி பலருக்கு மிகக் கடைசியாகவே ஒத்துக்கொள்வதையும், மீனும் முட்டையும் தயிரும் பெரும்பாலும் எளிதாக இறங்குவதையும் இத்துறை மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் காண்கின்றனர்.

நம் ஊர் சஹன் விருந்தை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள். ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்து கூடி உண்பது நம் முன்னோர் விட்டுச்சென்ற அழகிய மரபு. ஆனால் அதில் ஒரு வேகம் இருக்கிறது. மற்றவர்கள் பத்து நிமிடத்தில் முடிப்பதை, இரைப்பை சுருங்கியவர் அரைமணி நேரம் மென்று மென்று உண்ண வேண்டியிருக்கிறது. நடுவில் தண்ணீர் குடிக்கவும் அவருக்கு விலக்கு. மற்றவர்கள் தமக்காகக் காத்திருக்கிறார்களே என்று கூசி ஒரு துண்டை அவசரமாக விழுங்கினால், மறுநொடி எழுந்து ஓட வேண்டியதுதான். அவருக்குத் தனித்தட்டு கொடுப்பதால் சஹனின் பரக்கத் குறைந்துவிடும் என்று நாம் கருதவில்லை.

இனி, நாம் மிகவும் அஞ்சும் ஒரு செய்தி. பில்ரோத்தின் அறுவை நடந்த அதே 1881இல், கார்ல் வெர்னிக்கே என்னும் ஜெர்மானிய மருத்துவர் மூளையைத் தாக்கும் ஒரு நோயை விவரித்தார். கண்ணின் அசைவு பிறழ்கிறது; நடை தள்ளாடுகிறது; சிந்தை குழம்புகிறது. அவர் விவரித்த மூவரில் இருவர் குடிகாரர்கள். மூன்றாமவர் ஓர் இளம் தையற்காரப் பெண். அமிலம் அருந்தி வயிறு பாழாகி, ஓயாமல் வாந்தி எடுத்தவர். காரணம் அன்று விளங்கவில்லை. தையமின் எனும் பி1 உயிர்ச்சத்தின் குறைவே அது என்பது பிற்காலத்தில் தெரியவந்தது.

அந்தச் சத்தை உலகம் கண்டடைந்த பாதையில் தமிழர்களின் சோற்றுப்பானையும் இருக்கிறது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் கொத்துக்கொத்தாக உயிர்களைக் கொண்டுசென்றது. அங்கு பணியாற்றிய பிராடன் என்னும் ஆங்கில மருத்துவர், தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்களே மிகுதியாக மடிவதையும், புழுங்கலரிசி உண்ட தமிழர்கள் பெரும்பாலும் தப்புவதையும் கண்டு 1907இல் எழுதினார். கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் ஃபிளெச்சர் என்பவர் ஒரு பாதியினருக்குப் பச்சரிசியும் மறுபாதியினருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்து அதை மெய்ப்பித்தார். நெல்லை அவிக்கும்போது உமித்தவிட்டில் உள்ள தையமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பின்னர் தீட்டினாலும் முழுதும் போவதில்லை. இதை எந்த ஆய்வுக்கூடமும் சொல்லாத காலத்திலேயே நம் பாட்டிமார் நெல்லை அவித்துக்கொண்டிருந்தார்கள்.

தையமினை உடல் சில வாரங்களுக்குமேல் சேமித்து வைப்பதில்லை. இரைப்பை அறுவை செய்தவர் தொடர்ந்து வாந்தி எடுத்தால், வெர்னிக்கே கண்ட அந்தத் தையற்காரப் பெண்ணின் நிலைக்கு அவர் சில வாரங்களில் வந்துவிடக்கூடும். ஆகவே வாந்தி நிற்காதபோது 'பழகிவிடும்' என்று வீட்டில் வைத்திருக்கலாகாது. பார்வை இரட்டையாகத் தெரிவதும் நடை தடுமாறுவதும் பேச்சு குழம்புவதும் தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அறுவை செய்த செய்தியை அங்கு முதலில் சொல்ல வேண்டும். ஏனெனில் தையமின் ஊசி போடுமுன் வெறும் குளுக்கோஸ் ஏற்றுவது நோயை முற்றச் செய்யலாம். புழுங்கலரிசிக் கஞ்சி நல்ல உணவுதான். ஆனால் மாத்திரைக்கும் ஊசிக்கும் அது ஈடாகாது. பி12 சத்தின் கதை வேறுவிதம். கல்லீரல் அதை ஆண்டுக்கணக்கில் சேமித்து வைத்திருப்பதால் குறைவு மிகத் தாமதமாகவே வெளிப்படும். 'நான் நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று இரண்டாம் ஆண்டில் மாத்திரையை நிறுத்துபவர்கள் இதில்தான் அகப்படுகிறார்கள்.

உயிர்ச்சத்து மாத்திரையைக் குறித்து நம்மிடம் கேட்கப்படுவது ஜெலட்டின் உறையைப் பற்றி. ஐயம் நியாயமானது, அதற்காக மருந்தையே விட்டுவிடுவது நியாயமன்று. உறையில்லாத மாத்திரைகளும் மென்று விழுங்கும் வகைகளும் தாவர உறைகளும் கிடைக்கின்றன. அறுவை முடிந்த தொடக்கக் காலத்தில் மென்று விழுங்கும் வகையையே மருத்துவர்களும் பரிந்துரைப்பது வழக்கம். மருந்துக்கடையில் வாய்விட்டுக் கேட்டால் போதும்.

நோன்பைப் பற்றிய கேள்வி இதைவிடக் கனமானது. அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் நோயாளிக்கு அளிக்கும் சலுகையை நாம் அனைவரும் அறிவோம். ஆயினும் வெளிப்பார்வைக்கு மெலிந்து, நலமாக நடமாடும் ஒருவர் தம்மை நோயாளி என்று சொல்லிக்கொள்ளக் கூசுகிறார். மறைவாகத் தண்ணீர் குடிக்கிறார், அல்லது குடிக்காமலே நோன்பு வைத்து விழுந்துவிடுகிறார். சுருங்கிய இரைப்பையால் ஒரே நேரத்தில் அரைக்குவளை நீரைக்கூட வாங்க முடியாத காலம் அது. பகல் முழுதும் மிடறு மிடறாகக் குடித்தால்தான் உடலுக்கு வேண்டிய நீர் சேரும். இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையில் அதை ஈடுசெய்வது அறுவைக்குப் பிந்தைய தொடக்க மாதங்களில் இயலாத காரியம். அக்காலத்தில் நோன்பு வேண்டாம் என்பதே மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. பின்னர் உடல் தேறியபின் விடுபட்டதைக் களாச் செய்யலாம். எப்போது தேறியது என்பதை அறுவை செய்த மருத்துவர் சொல்ல வேண்டும். நாமோ பக்கத்துவீட்டாரோ தோற்றத்தைப் பார்த்துச் சொல்வதற்கில்லை.

நோன்பு வைக்கத் தகுதி பெற்றவருக்கு நம் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி, சிறு கிண்ணமாகவும் மெதுவாகவும் அருந்தினால், வறுத்த சமோசாவையும் சர்பத்தையும்விட மிக இணக்கமான இஃப்தார். பேரீச்சம்பழம் ஒன்றோடு நிறுத்தி, அது ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துக்கொள்வது நலம். சூட்டரின் எட்டு உணவுகளில் கஞ்சியும் இல்லை, இடியாப்பமும் இல்லை, களரிக் கறியும் இல்லை. எனவே நம் வீட்டுப் பட்டியலை நாமே எழுத வேண்டியிருக்கிறது: எது இறங்கியது, எவ்வளவு, எத்தனை நிமிடத்தில், எது திரும்பி வந்தது. அறுவை செய்துகொண்டவரின் மனைவியோ தாயோ மகளோ இதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவந்தால், ஷஅபான் மாதத்திலேயே அதை மருத்துவரிடம் காட்டி, நோன்பு வைக்கலாமா என்பதையும், வைப்பதாயின் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை இரவில் எந்தெந்த நேரத்துக்கு மாற்றுவது என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். இவ்விரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்கினால் ஒன்று மற்றொன்றைத் தடுக்கும். ஆகையால் இரும்பை இஃப்தாருக்குச் சற்றுப் பின்னும், கால்சியத்தைத் தராவீஹுக்குப் பின் ஒருமுறையும் ஸஹரில் ஒருமுறையுமாகப் பிரித்துக்கொடுப்பது மருத்துவர்கள் சொல்லக்கூடிய ஏற்பாடுகளில் ஒன்று.